மிகைப் பிள்ளை

வடக்கனந்தல் கிழக்குத் தெரு பிலவேந்திரனுக்கும் தெரசாவுக்கும் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது, அதை வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியவில்லை. ‘ரெண்டு சட்டம்’ வந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு ரெண்டு பிள்ளை; குடும்ப அட்டையில் பிள்ளைகளுக்கென்று ரெண்டே இடம். ஒன்றில் லிடியா, இன்னொன்றில் மார்ட்டின். அதற்கு மேல் பிறப்பதற்கு அரசாங்கக் காகிதத்தில் ‘மிகை’ என்று பேர். கண்டுபிடித்தால் எடுத்துக்கொண்டு போய் இல்லத்தில் வைப்பார்கள். பிறகு வேறு பேர் வைத்து, பிள்ளையில்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்த ஊர், யார் வீடு என்று பெற்றவளுக்குத் தெரியாது.

தெரசாவுக்கு நாள் தள்ளியிருப்பது தெரிந்ததே ஐந்தாம் மாதத்தில்தான். கரும்பு வெட்டில் குனிந்து நிமிர்ந்த உடம்பு, ஏதோ பலவீனம் என்று இருந்துவிட்டாள். தெரிந்த பிறகு கலைக்க மனசு வரவில்லை. மரவள்ளி வேலை என்று சொல்லிக் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்கு ஏறினார்கள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் மாயவன் என்பவருடைய கொல்லை. அவர் பெண்சாதி ஜெயம்மாள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். கொல்லைக் கொட்டகையில் அவள்தான் பிரசவம் பார்த்தாள். பன்னிரண்டு வயசு லிடியா வெந்நீர் எடுத்துக் கொடுத்தாள். பத்து வயசு மார்ட்டினை வெளியில் நிற்க வைத்து, யாராவது வந்தால் விசில் அடி என்றார்கள். யாரும் வரவில்லை.

கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்க வழியில்லை. பங்குப் பதிவேட்டையும் வருஷா வருஷம் வந்து புரட்டுகிறார்கள். பிலவேந்திரனே ஒரு சொம்புத் தண்ணீரைக் குழந்தையின் தலையில் ஊற்றி, ஜீவா என்று பேர் வைத்தான்.

குழந்தையை மலையிலேயே ஜெயம்மாளிடம் விட்டுவிட்டு அவர்கள் கீழே இறங்கினார்கள். மலையில் வீடுகள் ஆளுக்கொரு மூலையில் இருந்தன. வீடு வீடாகப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் எண்ணிக்கைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஏறுவார்கள். வருவதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஜீவாவுக்கு இரண்டு வயசாகும்போது கரும்பு டிராக்டர் கவிழ்ந்து பிலவேந்திரன் செத்துப்போனான். அடக்கத்துக்கு அவனுடைய கடைசிப் பிள்ளை வர முடியவில்லை.

சனிக்கிழமை தோறும் லிடியாவும் மார்ட்டினும் காலை பஸ்ஸில் மலைக்குப் போவார்கள். கேட்டால் கிழங்கு வாங்க, கடுக்காய் வாங்க. தெரசா அடிக்கடி போனால் கண்ணில் படும் என்று மாசத்துக்கு ஒரு தடவைதான் போவாள். குழந்தை எங்காவது வாய் தவறிவிடக் கூடாதென்று, தெரசாவை ‘அத்தை’ என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். பெற்ற பிள்ளை அத்தை என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். தெரசா சிரித்துக்கொண்டே தூக்குவாள். பஸ்ஸில் இறங்கி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மற்றதையெல்லாம் பழக்கியது லிடியா.

“ஜீப்பு சத்தம் கேட்டா இன்னா பண்ணணும்?”

“கொல்லைக்குள்ள ஓடி ஒக்காந்துக்கணும்.”

“எது வரைக்கும்?”

“நீ கூப்புடற வரைக்கும்.”

“சத்தம்?”

ஜீவா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டுவாள்.

“யாராவது புடிச்சி, யாரு பொண்ணு நீன்னு கேட்டா?”

“எனக்கு யாரும் இல்ல. யாரையும் தெரியாது.”

விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தாள். சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய். ஐந்து வயசு முடிவதற்குள் ஜீவா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். லிடியாவுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஐப்பசி மாசம் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்தது.

மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த முன்பகல். ஜீவா வாசலில் உட்கார்ந்து மார்ட்டினோடு புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் கையிலிருந்த கொட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். மரவள்ளி ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே போனவள் போன சுவடு தெரியவில்லை. ஜெயம்மாள் சின்னத் தட்டையும் கவுனையும் அடுக்குப் பானைக்குள் போட்டு மூடினாள்.

இறங்கிய இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். “இந்தப் பசங்க யாரு?” என்றார்கள். “கீழருந்து கிழங்கு வாங்க வந்திருக்குதுங்க” என்றார் மாயவன். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அவர்கள் கிளம்பியிருந்தால் பதினைந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஜீப் சேற்றில் சிக்கிக்கொண்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாக இறங்கியது. “தம்பி, ஒரு கை குடுப்பா” என்றார் வந்தவர்களில் ஒருவர். மார்ட்டின் இறங்கித் தள்ளினான். லிடியா கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டாள். ஜீப் வெளியில் வர முக்கால் மணி நேரம் பிடித்தது. போகும்போது அவர் மார்ட்டினுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் வளைவு தாண்டியதும் லிடியா கொல்லை ஓரம் நின்று கூப்பிட்டாள். “வாடி ஜீவா, போய்ட்டாங்க.”

வரவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தாள். இரண்டாவது தடவை கூப்பிட்டும் வரவில்லை. செடியை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜீவா நான்காவது பாத்தியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வாயைப் பொத்தியபடி இருந்தன. இடது கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, கணுக்காலுக்கு மேல் கறுத்துப்போயிருந்தது.

லிடியாவைப் பார்த்ததும்தான் கையை எடுத்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

“க்கா, பாம்பு கடிச்சிடுச்சி. நான் கத்தவே இல்லக்கா.”

லிடியா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது அவளுக்கே நினைவில்லை. மாயவன் காலைப் பார்த்தார். “கண்ணாடி விரியன். இங்க வெச்சிக்கினு இருந்தா புள்ள தங்காது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று தன் பைக் சாவியை எடுத்து மார்ட்டின் கையில் வைத்தார். அவருக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது. பைக்கை வெள்ளிமலைக்கு ஓட்டிப்போய் வருவது எப்போதும் மார்ட்டின்தான். பதினைந்து வயசு. லைசென்ஸ் கிடையாது.

ஜீவாவை நடுவில் வைத்து, ஜெயம்மாளின் புடவையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு லிடியா பின்னால் உட்கார்ந்தாள். நாலைந்து வளைவு இறங்கியதும் மார்ட்டின் கேட்டான்.

“அக்கா, ஆஸ்பத்திரில அட்ட நம்பர் கேப்பாங்களே. இன்னா சொல்றது?”

“நம்ப தங்கச்சின்னு சொல்றது.”

“புடிச்சிக்கினு பூடுவாங்க.”

“உசுரோட புடிச்சிக்கினு போட்டும்டா. நீ ஓட்டு.”

மார்ட்டின் வண்டியை முறுக்கினான். அவன் முதுகு குலுங்குவது மட்டும் லிடியாவுக்குத் தெரிந்தது.

அடிவாரத்தில் சோதனைச் சாவடி. மலையிலிருந்து இறங்கும் ஆட்களை அட்டையோடு ஒத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அன்றைக்கு நின்றவர் ராஜாங்கம். ஐந்து வருஷமாகச் சனிக்கிழமைகளில் இவர்களைப் பார்ப்பவர். தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் வந்து, நடுவில் தொங்கிய தலையைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

“மூணு பேரா?” என்றார்.

“ஆமாங்க. என் தங்கச்சி” என்றாள் லிடியா. வெளியாளிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ராஜாங்கம் கட்டையைத் தூக்கிவிட்டு, எதிரே இருந்த அணைக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பைக் போன பிறகும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும் நர்ஸ் பதிவுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு டாக்டர் ஏற்கனவே கையில் ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

“பாப்பா நம்பர் சொல்லும்மா.”

“நம்பர் இல்லீங்க.”

“பேரு?”

“ஜீவா. என் தங்கச்சி. இவன் என் தம்பி. இவ மூணாவதுங்க.”

நர்ஸின் பேனா நின்றது. அதுவரை கண்ணை மூடிக் கிடந்த ஜீவா கண்ணைத் திறந்தாள். அக்கா தப்பாகச் சொல்கிறாள் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். தலையை மெல்ல ஆட்டினாள்.

“இல்ல” என்றாள். “எனக்கு யாரும் இல்ல. யாரையும் தெரியாது.”

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் லிடியாவைப் பார்த்தாள். லிடியா அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, “தெரியும்னு சொல்லுடி. அக்கா சொல்றேன்ல, தெரியும்னு சொல்லு” என்று கத்தினாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து எழுப்பி வெளியில் கொண்டுவந்து விட்டாள். காகிதத்தில் என்ன எழுதினாள் என்று மார்ட்டின் எட்டிப் பார்த்தான். உறவு என்ற இடத்தில் சகோதரி. நம்பர் என்ற இடத்தில் மிகை.

மருந்து பாட்டில் பாட்டிலாக இறங்கியது. காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று சொன்னவர்கள், மறுநாள் மத்தியானம் வேண்டாம் என்றார்கள். பிழைத்துக்கொண்டாள்.

சேதி போய், தெரசா கரும்புக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள். புடவையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த நூல். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜீவா கண் விழித்து, “அத்தை” என்றாள்.

“அம்மான்னு கூப்புடும்மா” என்றாள் தெரசா.

ஜீவா லிடியா பக்கம் திரும்பினாள். “சொல்லலாமாக்கா?”

“சொல்லுடி.”

“எனக்கு முன்னியே தெரியும். மாட்டிண்ணா சொல்லிச்சி. யார் கிட்டயும் சொல்லாத, மனசுக்குள்ள கூப்ட்டுக்கோன்னு சொல்லிச்சி.” பிறகு, பழக்கமில்லாத வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்ப்பவள் போல, “அம்மா” என்றாள்.

மார்ட்டின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தெரசா அவனை அடிப்பது போலக் கையை ஓங்கி, அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நாலு நாள் அந்த வார்டில் இருந்தார்கள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. நாலு பேரும் ஒரே இடத்தில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரி, “கடக்குட்டி அப்பன் ஜாடையா?” என்று கேட்டாள். “ஆமாங்க, அப்படியே அவரு மூக்கு” என்றாள் தெரசா. அதை ஒருவரிடம் சொல்லக் கிடைத்ததே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஜீவா முதல் தடவையாக லிப்டைப் பார்த்தாள், ஐஸ்கிரீம் தின்றாள். “இங்கியே இருந்துக்கலாமாக்கா?” என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அரங்கநாதன் வந்தார். குடும்ப எண்ணிக்கைத் துறை அலுவலர். வயசானவர், மரியாதையாகப் பேசினார். கூட ஒரு பெண் காவலர். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரசாவுக்கு நிதானமாக விளக்கினார். குழந்தையை இல்லத்தில் மூன்று மாசம் வைத்திருப்பார்கள். அதற்குள் குடும்ப அட்டையில் ஓர் இடம் காலியானால் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காலியாகாவிட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

“எடம் எப்படிங்க காலியாவும்?” என்றான் மார்ட்டின்.

“ரெண்டு வழிதான் தம்பி. ஒண்ணு, சாவு. இன்னொண்ணு, பதினெட்டு முடிஞ்ச பிள்ளை தானா விலகறது. விலகிட்டா அவங்க இந்தக் குடும்பத்துல பிறக்காத மாதிரி. வேற மாவட்டத்துல வேலை, தங்க இடம் எல்லாம் அரசாங்கம் பாத்துக்கும். ஆனா வீட்டுக்கு வரக் கூடாது, பாக்கக் கூடாது, பேசக் கூடாது.”

“எங்கப்பா செத்துட்டாரே. அவர் எடத்த குடுங்க.”

“அது பெற்றோர் இடம் தம்பி. பிள்ளைங்க இடம் வேற.”

“செத்தவரு எடம் சும்மாதானே கெடக்குது?”

அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜீவா அழுது அடம் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். லிடியா கவுனை மாட்டிவிட்டு, “இவங்களோட போ. அழக் கூடாது” என்றதும், சரி என்று இறங்கி நின்றாள். கடிபட்ட காலைச் சற்று இழுத்து இழுத்து, பெண் காவலரின் விரலைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துபோனாள். தெரசா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

லிடியாவுக்குத் தை மாசத்தில் பதினெட்டு முடிகிறது. மூன்று மாசக் கெடு அதற்கு மூன்று நாள் கழித்து முடிகிறது. அரங்கநாதன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் சொன்னாள்.

தெரசா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

“ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்கறதுக்கு இன்னா சந்தைக்கா வந்துக்கீறேன்? எனக்கு மூணு புள்ள. மூணும் வேணும்.”

“மூணும் குடுக்க மாட்டாங்கம்மா.”

“அப்ப நான் யாரையும் அனுப்ப மாட்டேன். அது எங்கியோ ஒரு வூட்ல சோறு தின்னுக்கினு உசுரோட இருக்கும். அது போதும்.”

“பாம்பு கடிச்சும் கத்தாம ஒக்காந்திருந்தாம்மா. நான் சொல்லிக்குடுத்தேன்னு ஒக்காந்திருந்தா. அவ எங்கியோ இருக்கான்னு நான் இங்க இருக்க முடியாது.”

“நான் பெத்தவடி! பெத்தவ இருக்கப்போறேன், உன்னால முடியாதா?”

அந்தப் பேச்சு அதோடு நின்றது. மூன்று மாசமும் அம்மாவும் மகளும் சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை. இடையில் ஒரு நாள் மார்ட்டினின் பிறப்புச் சான்றிதழ் மெத்தைக்கடியில் கிடப்பதை லிடியா பார்த்தாள். பிறந்த வருஷத்தின் கடைசி எண்ணைப் பிளேடால் சுரண்டி, பேனாவால் வேறொன்று எழுதியிருந்தான். காகிதம் ஓட்டையாகிப் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நீட்டினாள்.

“இன்னாடா இது? எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது, தெரியாது உனக்கு?”

“நீ ப்ளஸ் டூ முடிக்கணும். நான் படிப்புல மக்கு. நான் போறதுதான் கரெக்ட்டு.”

“உனக்கு மீசையே மொளைக்கலடா.”

“ஆமா, பெரிய மனுஷி” என்று அவன் சான்றிதழைப் பிடுங்கினான். அது இரண்டாகக் கிழிந்தது. கையில் ஆளுக்குப் பாதியாக இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

லிடியா பிறந்தநாளுக்கு மறுநாள் தெரசா விடியற்காலையில் எழுந்து, மகள் தூங்கும்போதே வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மார்ட்டினையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். அப்படிக் கெடு முடிகிற நாள் வரை பூட்டி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். முதல் நாள் லிடியா கதவைத் தட்டவில்லை. இரண்டாம் நாளும் தட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அம்மா இடத்தில் இருந்தால் தானும் பூட்டியிருப்போம் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் பத்து மணிக்குப் பூட்டில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. மார்ட்டின்தான். கரும்புக் கொல்லையிலிருந்து ஓடி வந்திருந்தான். தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்ததும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“நான் உன்ன போன்னு சொல்லல” என்றான். “இருன்னும் சொல்ல முடியலக்கா. ரெண்டுல எது சொன்னாலும் ஒருத்திய நான் கொன்ன மாதிரிதான்.”

லிடியா அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். “நீ ஒண்ணும் சொல்லாத. கதவுதான தொறந்த. பஸ்ஸுக்கு நேரமாச்சி, வா.”

எண்ணிக்கைத் துறை அலுவலகம் இருக்கும் சங்கராபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அம்மாவுக்கு என்ன மாத்திரை, எந்த நேரத்துக்கு என்று லிடியா சொல்லிக்கொண்டு வந்தாள். ஜீவா ராத்திரியில் தண்ணீர் கேட்பாள், சொம்பு பக்கத்தில் இருக்கணும். முருங்கைக்கீரை தின்ன மாட்டாள், அடையில் போட்டால் தெரியாமல் தின்பாள். மார்ட்டின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இறங்குவதற்கு முன், ஒரு பீடிக்கட்டு அட்டையில் ஒரு போன் நம்பரை எழுதி அவள் செருப்புக்குள் வைத்தான். புது சிம். வேறொருவர் பேரில் வாங்கியது.

“ஒரே ஒரு தடவ அடி. வர்ற கிறிஸ்மசுக்கு மறுநாள். அதுக்கப்புறம் நான் சிம்ம ஒடைச்சிப் போட்டுடுவேன். தெரிஞ்சா திரும்பியும் ஜீவாவக் கொண்டு பூடுவாங்க.”

“கண்டுபுடிச்சிட மாட்டாங்களா?”

“அஞ்சு வருசம் ஒருத்திய மறைச்சோம். அஞ்சு நிமிசம் மறைக்க முடியாதா?”

அலுவலகத்தில் வேலை முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெருவிரல் வைக்கச் சொன்னார்கள்; கண்ணைப் படம் எடுத்தார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஏதோ தட்டிவிட்டு, “எடுத்தாச்சு சார்” என்றாள். பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்ததை எடுத்தாயிற்று.

“தங்கச்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போகலாமா சார்?” என்று அரங்கநாதனிடம் கேட்டாள்.

“சாயங்காலம்தாம்மா கூட்டிட்டு வருவாங்க. நீங்க அதுக்கு முன்னாடி கிளம்பணும்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “எனக்கும் ஒரு அக்கா உண்டு” என்றார். எதற்குச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. தாளைப் புரட்டத் தொடங்கினார்.

லிடியா அரசாங்க வேனில் ஏறும்போது மார்ட்டின் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வரை அவன் அங்கேதான் இருக்க வேண்டும். தங்கையைக் கூட்டிக்கொண்டு போக. அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஓடிவந்து வேனைப் பிடித்துக்கொள்வோம் என்று பயந்து, பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேற்கே ஒரு நூல் மில்லில் லிடியாவுக்கு வேலை போட்டார்கள். மில் விடுதியில் அவள் அறையில் எட்டுப் பேர். மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் எல்லோருமே விலகல். ஒருத்தி தம்பிக்காக, ஒருத்தி தங்கைக்காக. எல்லோருமே வீட்டுக்கு மூத்த பெண்கள். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். தலை பின்னிவிடும்போது மட்டும் யாராவது, “எங்க சின்னதுக்கும் இப்பிடித்தான் சுருட்ட முடி” என்பார்கள். பிறகு சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கிறிஸ்மசுக்கு மறுநாள், பக்கத்துக் கட்டில் ஷாலினியின் போனை வாங்கிக்கொண்டு லிடியா மாடிக்குப் போனாள். துணி காயும் கம்பிகளுக்கு நடுவில் நின்று நம்பரை அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“நல்லா இருக்கியா?” என்றான் மார்ட்டின். குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகியிருந்தது. ஒரு கணம் அப்பா பேசுவது போலிருந்தது அவளுக்கு.

“இருக்கேன்டா. அம்மா?”

“பக்கத்துலதான் நிக்குது. பேசாது. பூட்ட ஒடைச்சதுலருந்து என்கிட்டயே பாதிப் பேச்சுதான்.” அவன் சிரிக்கப் பார்த்தான். “இந்தா, இவகிட்ட பேசு.”

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, “க்கா” என்றாள் ஜீவா. “க்கா, நான் ஒண்ணாவது படிக்கிறேன். காலைல டீச்சர் பேரு கூப்புடுவாங்க. எல்லாருக்கும் முன்னாடி ஜீவான்னு கத்திக் கூப்புடுவாங்கக்கா. நான் எழுந்து உள்ளேன் டீச்சர்னு சொல்லணும்.”

“சொல்றியா?”

“மொத நாளு சொல்லல. வாயப் பொத்திக்கினேன். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப சத்தமா சொல்றேன். சொல்லிக் காட்டவா?”

“சொல்லு.”

அவள் சொன்னாள். அத்தனை சத்தமாக ஜீவா பேசி லிடியா கேட்டதே இல்லை. போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“நீ எப்பக்கா வருவ?”

பொய் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இவள் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடுகிற குழந்தை. “வர மாட்டேன்டி” என்றாள் லிடியா. “வரக் கூடாது. நீ நல்லா படி. அம்மாவ பாத்துக்கோ.”

ஜீவா “செரி” என்றாள். போன் கை மாறியது. மார்ட்டின் எதுவும் பேசுவதற்கு முன்னால், வேறு யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அம்மா” என்றாள் லிடியா. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை இருவரும் கேட்டுக்கொண்டே நின்றார்கள். அப்புறம் இணைப்பு போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் ஷாலினியிடம் போனைக் கேட்டு வாங்கினாள். சிம்மை உடைத்திருப்பான், அப்படித்தான் பேச்சு, அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் முதலில் தமிழிலும் பிறகு இங்கிலீஷிலும் சொன்னது. இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டு, போனைத் துடைத்து ஷாலினியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.